தடித்த சுருட்டின் குளிர்ந்த புகை

நான் அவரிடம் ஒரே ஒரு நாள் நேராகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரா? இரண்டு வருடங்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற நாட்களில்தான் அதிகக் கோபம் வருகிறது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அவர் என் கணவரின் சித்தப்பா. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமனாரும் மாமியாரும் உயிரோடு இல்லை. என் கணவர், நான், தெருவைப் பார்த்த முன்னறையில் சின்ன மாமா. அவ்வளவுதான் வீடு.

எல்லாருக்கும் 'ங்' போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அவர் காக்கைக்கும் போடுவார். சமையலறை ஜன்னலில் வந்து கத்தும் காக்கையிடம், "இன்னும் சோறு வேகலீங்க. அப்புறமேட்டுக்கு வாங்க" என்பார். கிண்டலாகச் சொல்வதில்லை. காக்கை தன் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிற குரலில் சொல்வார்.

அவசரம் என்பதை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. முகச்சவரத்துக்கு முக்கால் மணி நேரம். படித்த செய்தித்தாளை வந்தபடியே மடிப்பு மாறாமல் மடித்து வைப்பார். என் சேலை முந்தானையில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை விரலில் உருட்டிப் பார்த்து, "இது அறுபதாம் நம்பர் நூலுங் அம்மணி" என்பார். ஒருமுறை நான் சோதனை போலச் சேலை வாங்கிய கடையிலேயே போய் விசாரித்தேன். அறுபதுதான். சின்ன விஷயங்களில் சரியாக இருப்பவர்கள் பெரிய விஷயங்களிலும் சரியாக இருப்பார்கள் என்று நினைத்துவிடுவது என் குணம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தியவள் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

அவருடைய எல்லா நிதானமும் ஓர் இடத்தில் வந்து சேரும். அது சுருட்டு.

ரயில்வேயில் இருந்த அவர் நண்பர் ஒருவர் உறையூரிலிருந்து சுருட்டு வாங்கி வருவார். மாதம் ஒருமுறை சின்ன மாமா பஸ் பிடித்துப் போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருவார். அன்று மாலை ஒவ்வொரு சுருட்டாகக் கையில் எடுத்து, நுனியிலிருந்து அடிவரை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். காதருகே வைத்து உருட்டுவார். முகர்வார். பிறகு தலைப்பக்கத்தைப் பிளேடால் மெல்லச் சீவி, தீ வைக்காமலேயே வாயில் வைத்துக் காற்றை இழுப்பார். அதற்குப் பச்சை இழுவை என்று பெயர். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது இருக்கிற அளவுக்கு மட்டும் தடை இருக்க வேண்டுமாம். அதைவிட அதிகம் இருந்தால் இறுக்கம். அப்படி இறுகியதைத் தூக்கிப் போட மாட்டார். சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றைக் கூராக்கி வைத்திருந்தார். அதை நடுவில் மெதுவாக நுழைத்து, முடிச்சு விழுந்த இடத்தை நெகிழ்த்திவிடுவார்.

"காத்து சரியா வந்தாத்தானுங் ருசி வரும். இறுக்கமா இருந்தா இழுத்து இழுத்துத் தாடைதான் வலிக்கும். தொளதொளன்னு இருந்தா சட்டுனு எரிஞ்சு, சூடாகி, கசந்துபோகும்."

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"எல்லாம் ஒரே புகைதானுங் சித்தப்பா. மெல்லிசானா என்ன, தடிச்சதானா என்ன?"

"அப்டிச் சொன்னா எப்டீங் தம்பி? ஒரே மாவுதான். ஊத்தப்பமும் முறுகல் தோசையும் ஒண்ணுங்களா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்."

"அதுசரி. உங்களுக்குத் தோசை சுடறதும் வீண்தானுங்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு ஒருநாள் வேறு மாதிரி சொன்னார். நான் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டு அந்த அறையில் இருந்தேன். "அகலமான வாய்க்கால்ல தண்ணி சத்தமில்லாமப் போகுமுங். குறுகின வாய்க்கால்ல வேகமாப் பாஞ்சு கரையை அரிச்சுப்போடும். சுருட்டும் அப்டித்தான். மெல்லிசுல புகை சூடா வந்து நாக்கைச் சுடும். மேல சுத்தின எலையோட ருசி மட்டும்தான் தெரியும். தடிச்சதுல உள்ள இருக்கற நாலஞ்சு எலையும் கூடி வரும். நீளமாவும் இருந்துட்டா, புகை நடந்து வாரதுக்குள்ள சூடு ஆறிப்போகும். குளுந்த புகைங் அது." பிறகு கையிலிருந்ததைக் காட்டி, "எதா இருந்தாலும் கடைசி மூணுல ஒரு பங்கு ஆகாதுங். காரமாயிரும். எங்க நிறுத்தோணும்னு தெரியோணும்" என்றார்.

எனக்குச் சுருட்டு நாற்றம் பிடிக்காது. ஆனாலும் ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் அவர் காத்திருப்பதைப் பார்க்கப் பிடிக்கும். சாம்பலைத் தட்ட மாட்டார். ஓர் அங்குலத்துக்கு அது அப்படியே நிற்கும். அது விழாமல் கையை மட்டமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படிப் பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது என்று நினைத்திருக்கிறேன்.

என் மகன் பிறந்த மூன்றாவது மாதம் அந்தப் பொறுமை எங்களுக்கு உதவியது.

எனக்குப் பால் போதவில்லை. பிரசவ விடுப்பும் முடியப் போகிறது. பால் பவுடர் கரைத்துப் புட்டியில் கொடுத்தால், குழந்தை இரண்டு நிமிடம் உறிஞ்சும், சிணுங்கும், தூங்கிவிடும். அரை மணியில் எழுந்து வீறிடும். எடை ஏறவில்லை. டாக்டர் வேறு பவுடர் மாற்றச் சொன்னார். மாற்றினோம். அதே கதை. ஒருநாள் காலை புட்டியை வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தபோது சின்ன மாமா வாசற்படியில் வந்து நின்றார்.

"ஏனுங் அம்மணி, அதைக் கொஞ்சம் குடுங்க, பாக்கலாம்."

புட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"இழுவை இறுக்கமுங். பையன் இழுத்து இழுத்து ஓஞ்சு தூங்கிப்போடறான். பசி ஆறித் தூங்கலீங்."

ஓர் ஊசியை இடுக்கியில் பிடித்து நெருப்பில் பழுக்க வைத்தார். புட்டியின் ரப்பரில் இருந்த துளையை அதனால் தொட்டார். முதல் ரப்பரில் பால் கொட்டியது. "இது தொளதொளன்னு ஆயிப்போச்சு. பொரையேறிக்கும்" என்று ஒதுக்கினார். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவது ரப்பரில் சொட்டுச் சொட்டாக, சீராக விழுந்தது. அதை நான் வெந்நீரில் கொதிக்க வைத்து மாட்டினேன். குழந்தை முழுப் புட்டியையும் குடித்தான். நிறுத்தி நிறுத்தி, அவசரமில்லாமல் குடித்தான். குடித்து முடித்து என்னைப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் பசி இல்லை.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு வேறு யோசனையே எனக்கு வரவில்லை. விடுப்பு முடிந்ததும் குழந்தையைச் சின்ன மாமாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். என் அம்மா திருப்பூரில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, வர முடியாது. காலை எட்டரைக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் திரும்புவேன். குளிப்பாட்டுவது, பால் கலக்குவது, தொட்டில் ஆட்டுவது, எல்லாம் அவர்தான். குழந்தையைப் பின்னறையில் தூங்க வைத்துவிட்டு முன்னறையில் சுருட்டுப் பிடிப்பார். அப்போது மெல்லிசுதான், சுண்டுவிரல் தடிமன். ஒரு நாளைக்கு மூன்று. அது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு கதவு இருக்கிறதே என்று நினைத்தேன். அதற்கு இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பால் பவுடர் டப்பா பிரித்தால் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பதில் எனக்குப் பெரிய பயம். பிரித்த தேதியை டப்பாவின் அடியில் ஆணியால் கீறி வைப்பேன். காலி டப்பாவைச் சின்ன மாமா கேட்டு வாங்கிக்கொள்வார். காற்றுப் புகாது, சுருட்டு காயாமல் இருக்கும். ஒருமுறை ஒரு டப்பாவைத் திருப்பிக் கேட்டேன், கடுகு போட்டு வைக்கலாம் என்று.

"வேண்டாங் அம்மணி. புகையிலை ஒருக்கா குடியிருந்த டப்பாவுல உப்புக்கூடப் போட முடியாதுங். எத்தனை கழுவுனாலும் வாசம் போகாது. வேற தாரேன்."

மகனுக்கு ஒன்பது மாதம் நடந்தபோது முதல் தடவையாக மூச்சு இளைத்தது. நெஞ்சுக்கூட்டின் அடியில் தோல் உள்ளே இழுத்து இழுத்து வெளியே வந்தது. பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று. ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். மருந்தைப் புகைபோல் மூக்கில் காட்டி, கொஞ்சம் தெளிந்த பிறகு அவர் கேட்டார்: "வீட்ல யாராவது புகை பிடிக்கறாங்களா?"

"ஒருத்தர் சுருட்டுப் பிடிப்பாருங்க."

"நிறுத்தச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள புகையே கூடாது."

ஒரு பெரியவரிடம், அதுவும் என் குழந்தையை வளர்ப்பவரிடம், இதை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்தேன். தேவைப்படவில்லை. அவரே கேட்டார்.

"டாக்டர் என்னங் சொன்னாரு?"

"புகை ஆகாதுன்னாருங் மாமா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அறைக்குள் போனார். தீப்பெட்டியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இனி உங்ககிட்டயே இருக்கட்டுங். சுருட்டு என்ற கையில இருக்கும். பச்சை இழுவை மட்டும்தானுங்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தீப்பெட்டியைச் சாமி அலமாரியில் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். விளக்கேற்றக்கூட அதை எடுக்க மாட்டேன். வேறு பெட்டிதான் எடுப்பேன்.

ஆனால் இளைப்பு நிற்கவில்லை. மாதம் ஒருமுறை வந்தது. சில மாதம் இரண்டு முறை. நான் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி ஒழித்தேன். இலவம்பஞ்சுத் தலையணை போனது. தயிரும் வாழைப்பழமும் போயின. தெருவில் மில் பஞ்சு பறக்கிறது என்று ஜன்னல்களுக்கு வலை அடித்தோம். சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுவதை நிறுத்தினேன். ஊதுபத்தியை நிறுத்தியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

அந்த நாட்களில் சின்ன மாமா என்னிடம் கொஞ்சம் பெரிய டப்பாவாகக் கேட்டார். "ஒரு கிலோ டப்பா இருந்தாத் தேவலைங். இப்ப வாரதெல்லாம் தடிச்சதா இருக்குது." கொடுத்தேன். பச்சை இழுவைக்கு எதற்குத் தடித்த சுருட்டு என்று நான் கேட்கவில்லை. தீ வைக்காத சுருட்டும் வாசம் போனால் புதிது மாற்ற வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். அறையில் எப்போதும் ஒரு புகையிலை நெடி இருந்தது. தீ வைக்காத புகையிலைக்கும் நெடி உண்டே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங் டீச்சர், மத்தியானத்துல உங்க ஊட்டுச் சன்னல்ல ரயில் வண்டி போவுது. பாத்தீங்களா?"

"என்னங் அக்கா?"

"புகைங். குபுகுபுன்னு."

"எங்க மாமா உட்டு வருசமாச்சுங். பச்சை இழுவைதான். உங்களுக்குத் தெரியாதுங்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இருக்கும் இருக்கும். எனக்கு என்னங் தெரியும், நானென்ன படிச்சவளா?" என்று போய்விட்டார். அதற்கப்புறம் பல மாதம் அவரோடு நான் பேசவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புலப்பட்டது. பள்ளி விடுமுறை நாட்களில் மகனுக்கு இளைப்பு வருவதில்லை. நான் வீட்டில் இருந்தால் வருவதில்லை. இதை வைத்து நான் போட்ட கணக்கைப் பாருங்கள்: குழந்தை என்னைத் தேடி ஏங்குகிறான், அந்த ஏக்கம்தான் இளைப்பு. என் அம்மாவும் போனில் அதையே சொன்னார். வரும் ஜூனில் வேலை நிரந்தரமாகும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மார்ச்சில் நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கொடுப்பதற்கு முந்தைய நாள் சின்ன மாமாவிடம் சொன்னேன்.

"வேலையை உட்டுப்போடறேனுங் மாமா. நான் இல்லாத ஏக்கந்தான் பையனுக்கு இளைப்பா வருதுன்னு தோணுது."

கையில் தீ வைக்காத சுருட்டு இருந்தது. அதை நெடுநேரம் உருட்டினார்.

"நல்லா யோசிச்சுச் செய்ங்க அம்மணி" என்றார்.

எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். மறுநாள் கடிதத்தைக் கொடுத்தேன்.

வேலையை விட்ட முதல் வாரம். சின்ன மாமா போத்தனூர் போயிருந்தார். மதியம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். நறுக்கிப் போட்ட துண்டுகளில் ஒன்றை எடுத்தான். மெல்லியதாக இருந்ததால் போட்டுவிட்டான். தடித்த துண்டாகத் தேடி எடுத்து, இரண்டு விரலால் நுனியிலிருந்து அடிவரை அழுத்திப் பார்த்தான். காதருகே வைத்து உருட்டினான். முகர்ந்தான். வாயில் வைத்துக் காற்றை இழுத்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்டியே தாத்தாதான் போ" என்றேன்.

பிறகு முருங்கைக்காயிலிருந்து உரிந்த ஒரு நாரை எடுத்துச் சுவரில் கீறினான். கீறிவிட்டுக் காத்திருந்தான். அதைத் துண்டின் நுனிக்கு அடியில், தொடாமல் பிடித்துக்கொண்டு, துண்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். நாரை உதறிப் போட்டான். துண்டை வாயில் வைத்து இழுத்தான். எழுந்து ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து வெளியே ஊதினான். திரும்பி வந்து என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். கையை மட்டமாக வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

"தங்கம், அம்மாகிட்டக் குடு அதை."

"ஆட்டாதீங்க அம்மா. சாம்பல் உழுந்துரும்."

பச்சை இழுவையில் சாம்பல் கிடையாது.

மாலையில் சின்ன மாமா பொட்டலத்தோடு வந்தார். முகம் கழுவி வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்திலும் அந்த மரியாதை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாமி அலமாரியிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன்.

"எத்தனை நாளாங் மாமா?"

எது என்று அவர் கேட்கவில்லை.

"இந்தப் பொட்டி உங்ககிட்டக் குடுத்த நாலாம் நாளுங்."

"சொல்லவே இல்லீங்களே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே அம்மணி."

தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன குரல் இல்லை அது. நூல் அறுபதாம் நம்பர் என்று சொல்கிற அதே குரல். பிறகு அவராகவே சொன்னார்.

"ஆனா கொழந்தைக்கு ஆகாதுன்னு மெல்லிசானதை அன்னிக்கே உட்டுப்போட்டேனுங். அது சூடு, காரம். தடிச்சதுக்கு மாத்தினேன். இழுவை பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன். குளுந்த புகைங் அது. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் சன்னலுக்கு வெளியதான் ஊதுவேன்."

"ஒண்ணு எத்தனை நேரமுங்?"

"ஒண்ணேகால் மணி நேரமுங்."

அப்போதும் சரியாகச் சொன்னார். மெல்லிசு மூன்றும் சேர்ந்தாலே ஒரு மணி நேரம்தான் ஆகும். எனக்குக் கணக்குத் தெரியும், அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். நாக்குக்குக் குளிர்ந்த புகை குழந்தையின் நெஞ்சுக்கும் குளிர்ந்ததாகத்தான் இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினாரா? அவர் முகத்தைப் பார்த்தபோது நம்பினார் என்றுதான் பட்டது. நம்பாமல் இருந்திருந்தால் எனக்கு வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வேலையை உடறேன்னு உங்ககிட்டத்தானுங் வந்து சொன்னேன்" என்றேன்.

அவர் பொட்டலத்தின் நூலைப் பிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவராகவே கிளம்பினார். போகச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லவில்லை. இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. டப்பாக்களை ஒரு பையில் போட்டுக்கொண்டார். மகனிடம், "வாரேனுங் தங்கம்" என்றார். என் கணவர் பஸ் ஏற்றிவிட்டு வந்து, "வயசானவரும்மா" என்று மட்டும் சொன்னார். நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா என்னைப் பார்த்ததும், "ரயில் கெளம்பிருச்சுங்களா டீச்சர்?" என்றார். நான் அழுதுவிட்டேன். காப்பி போட்டுக் கொடுத்தார்.

இந்த இரண்டு வருடத்தில் மகனுக்கு மூன்று முறைதான் இளைத்தது. அப்படியானால் சின்ன மாமாவால்தான் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்டால், "வயசாக ஆகக் குறையும்னு நான் முன்னாடியே சொன்னேனே" என்கிறார். அப்படியானால் அவரால் மட்டும் இல்லையோ என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். மகன் இப்போதும் புட்டிப்பால் குடித்த பழக்கத்தில் எதையும் நிறுத்தி நிறுத்தித்தான் குடிப்பான். அந்த நிதானம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போது மனசு இளகும், உடனே எரியும்.

போன வாரம் ஒரு டப்பா வந்தது.

சின்ன மாமா இப்போது சென்னிமலையில் தன் அக்கா மகள் வீட்டில் இருக்கிறார். அந்தப் பெண்ணின் கணவருக்குச் சொந்தத் தறி. வியாழக்கிழமைதோறும் பெட்ஷீட் மூட்டையோடு கோயமுத்தூர்க் கடைகளுக்கு வருவார். அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

"பையனுக்குன்னு குடுத்தாருங். மாமா சுருட்டை உட்டுப்போட்டாரு, சொல்லச் சொன்னாருங். ஸ்கூல்ல சேக்கறதுக்கு முன்னால ஒருக்கா மலைக்குக் கூட்டிட்டு வந்தாத் தேவலைன்னாருங். லீவுல ஒரு பத்து நாள் அங்கயே உட்டாலும் பாத்துக்குவாராம்."

"உட்டுட்டாருன்னு நீங்க பாத்தீங்களாங்?"

"நான் பகலெல்லாம் தறியில இருப்பேனுங். ஆரு பாத்தா?"

"அவரைக் கேட்டீங்களா?"

"பெரியவர்கிட்ட அதெல்லாம் எப்டீங் கேக்கறது?"

வந்தவரை நான் குறை சொல்ல முடியாது.

டப்பாவில் கடலை உருண்டை இருந்தது. தட்டில் கொட்டிவிட்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நான் ஆணியால் கீறிய தேதி. என் டப்பாதான். உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தேன். வெல்ல வாசம், கடலை வாசம். வேறெதுவும் இல்லை. கணவரை முகரச் சொன்னேன். எதிர்வீட்டு அக்காவை முகரச் சொன்னேன். யாருக்கும் புகையிலை வாசம் வரவில்லை. ஆனால் நான் அவருக்குக் கொடுத்தது ஏழெட்டு டப்பா. இது புகையிலை குடியிருந்த டப்பாவா, அவர் உபயோகிக்காமலே வைத்திருந்த ஒன்றா, எனக்குத் தெரியவில்லை. இந்த முறையும் நான் அவரிடம் கேட்காமல் டப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதும் தெரிகிறது.

உருண்டைகளை இன்னும் மகனுக்குக் கொடுக்கவில்லை. "தாத்தா குடுத்ததுங்களா?" என்று தினமும் கேட்கிறான். வருகிற வியாழக்கிழமை பதில் கேட்க ஆள் வருவார். நான் பத்து நாள் விடுவதா, ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவதா, ஒன்றும் சொல்லாமல் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதா?

இதைப் படிக்கிறவர்களில் சுருட்டுப் பிடிப்பவர் இருந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து எழுதுங்கள்: புகையிலை வைத்திருந்த டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்தால் அந்த வாசம் போகுமா? போகும் என்றால், எத்தனை நாளில் போகும் என்பதையும் எழுதுங்கள்.